சிவந்த நாக்கு

வாருங்கள். தலையைச் சற்றே குனிந்துகொள்ளுங்கள், வாசல் தாழ்வானது. செருப்பை வெளியிலேயே விட்டுவிடுங்கள். உள்ளே நாலடி வைப்பதற்குள் தரை அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தீங்கு நடந்த இடத்தை உங்களுக்குக் காட்டப்போகிறேன். கத்தி இல்லை, கயிறு இல்லை, கள்வன் இல்லை. இருப்பதெல்லாம் சர்க்கரை. தரையில் சர்க்கரை, தூணில் சர்க்கரை, சன்னல் கம்பியில் சர்க்கரை, வேலை செய்யும் பெண்களின் இமை மயிரில் சர்க்கரை. இத்தனை சர்க்கரைக்கு நடுவில், ஒரு வாய்ச் சர்க்கரை கிடைக்காமல் ஒரு குழந்தை சாய்ந்தாள். கொடுக்க மனமில்லாதவர்கள் அங்கே எவரும் இல்லை. அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள்தாம் சூழ நின்றார்கள். அதனால்தான் உங்களை அழைக்கிறேன். கொடியவன் செய்த கொடுமையைக் கண்டு கொதிக்க நமக்குத் தெரியும். அன்புடையவர்களின் கையாலேயே கொடுமையைச் செய்விக்கிற ஓர் ஏற்பாடு நம்மிடையே இருக்கிறதே, அதைக் கண்டு கொதிக்க நாம் இன்னும் கற்கவில்லை.

இது மிட்டாய்ப் பட்டறை. கூடத்தின் ஒரு முனையில் அடுப்பும் செப்புக் கொப்பரையும். அங்கே நிற்பவரைப் பாகுக்காரர் என்று எல்லோரும் அழைப்பார்கள். சர்க்கரையையும் தண்ணீரையும் கொதிக்கவிட்டு, பீப்பாயிலிருந்து பிசுபிசுப்பான குளுக்கோஸை அள்ளி ஊற்றிவிட்டு, அவர் கரண்டியோடு காத்திருப்பார். குளிர்ந்த நீரில் விட்ட பாகின் நூல் கண்ணாடியைப் போல் 'டக்'கென்று ஒடிகிற வரை அசையமாட்டார். பிறகு எண்ணெய் தடவிய இரும்பு மேசையில் பாகை ஊற்றி, சிவப்புச் சாயமும் புளிப்பும் சேர்த்து, தடித்த கையுறையோடு மடித்து மடித்துப் பிசைவார். பிசைந்ததை நீளமாக இழுத்து உருளைக்குள் கொடுத்தால் மறுபக்கம் மிட்டாய்கள் உதிரும்.

கூடத்தின் மறுமுனையில் நீண்ட மேசை. இரு புறமும் பெண்கள். தாளை விரி, மிட்டாயை வை, இரு முனையையும் முறுக்கு. காலையிலிருந்து மாலைவரை அந்த முறுக்கல்தான். அந்தப் பெண்களின் கட்டைவிரலைத் தொட்டுப் பாருங்கள்; ரேகை என்று ஒன்று இருந்த இடம் வழவழவென்று இருக்கும்.

இந்தப் பட்டறையில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. மாலை மணி அடித்ததும் வாசலில் வரிசையாக நின்று, மேஸ்திரி முன்னால் ஒவ்வொருவரும் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். மிட்டாய்ச் சாயம் நாக்கில் ஏறினால் எளிதில் இறங்காது. நாக்கு சிவந்திருந்தால் தின்றாய் என்று பொருள். தின்றால் நாளை வரவேண்டாம். சாட்சி வேண்டாம், வழக்கு வேண்டாம். நாக்கே சாட்சி, நாக்கே தீர்ப்பு.

"மாமியாருக்குக் காட்ட வேண்டிய நாக்கைத் தினமும் உங்களுக்குக் காட்ட வேண்டியிருக்கே மேஸ்திரி!" என்பாள் நெட்டை. மேசையில் மூத்தவள், உயரத்தால் வந்த பெயர்.

"மாமியாருக்கு நீ காட்டாமலா இருக்கே? உங்க வீட்டுச் சத்தம் எங்க தெரு வரைக்கும் கேக்குதே," என்பார் மேஸ்திரி. "ம், நீட்டு. இன்னும் நீட்டு. போ."

சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டப் பழகியவர்கள், ஒருவரைப் பற்றி எதை அறிய வேண்டுமானாலும் முதலில் நாக்கைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாகுக்காரரின் மனைவியும் அந்த மேசையில் முறுக்குகிறவள்தான். அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயதுச் சிறுமி. வாயாடி. பட்டறைக்கே செல்லம். வாண்டு என்பதுதான் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர். இது நடப்பதற்கு முந்தைய ஆண்டு வாண்டு திடீரென இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், படுக்கையை நனைத்தாள். ஒருநாள் மூச்சு வாங்கி மயங்கி விழ, அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் என்றார்கள். வாழ்நாள் முழுவதும் ஊசி என்றார்கள். காப்பாற்றியும் கொடுத்தார்கள், அதை நான் மறைக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில், வரிசை வாசல்வரை நீண்டிருக்க, மருத்துவர் நிமிராமல் சொன்னார்: "சர்க்கரை ஏறினா மறுபடி இப்படித்தான் மயக்கம் வரும். இனிப்பைக் கண்ணுலயே காட்டாதீங்க. காலையில, சாயங்காலம் ஊசி. தவறவே கூடாது. அடுத்து யாரு?"

இதில் பொய் ஒரு சொல் இல்லை. ஆனால் இது பாதி! ஊசியில் இருக்கும் மருந்து சர்க்கரையை இறக்குவது. பிள்ளை சாப்பிட்டாளா, பட்டினி கிடக்கிறாளா என்று அது கேட்பதில்லை. ஊசி போட்ட பிறகு சோறு தப்பினால், சர்க்கரை இறங்கவேண்டிய அளவுக்கும் கீழே இறங்கும். உடம்பு நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். அந்த நேரத்தில் சர்க்கரைதான் உயிர். இது மறுபாதி. அதே மருத்துவமனையின் மாடியில், கட்டணப் பிரிவில், இதே நோய் கண்ட பிள்ளைகளின் பெற்றோரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒரு செவிலியர் படம் காட்டி இரண்டு பாதியையும் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்துக்குப் படிக்கட்டில் இறங்கிவரும் வழி மட்டும் தெரியவில்லை.

பாதியைப் பெற்றுக்கொண்டவர்கள் அதை எப்படிக் காத்தார்கள் தெரியுமா? வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பாகுக்காரர், வாசலிலேயே ஒரு வாளித் தண்ணீரில் தலையோடு குளித்து, உடை மாற்றிய பிறகுதான் மகளைத் தூக்குவார். அவள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வந்தால் துள்ளி விலகுவார்.

"தொடாதே, தொடாதே! அப்பா மேலெல்லாம் பாகு."

"நக்க மாட்டேன்ப்பா, சத்தியமா."

"நீ நக்க மாட்டே. உன் கை வாய்க்குப் போகாம இருக்குமா?"

மேசைப் பெண்களும் அப்படியே. அவளைத் தொடுமுன் கை கழுவுவார்கள். அவள் கூடத்துக்குள் கால் வைத்தால் பாதத்தைத் துடைத்துவிடுவார்கள். பண்டிகைக்கு வந்த பலகாரத்தைக்கூட அவள் கண்ணில் படாமல் தின்றார்கள். இத்தனை பேர் சேர்ந்து ஒரு குழந்தையைக் காக்கும் காட்சியைப் பார்த்திருந்தால் நீங்கள் நெகிழ்ந்திருப்பீர்கள். நானும் நெகிழ்ந்திருப்பேன்.

ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் குளிர்பெட்டி ஏது? பட்டறையில் வாசனைச் சாறுகள் வைக்கும் பெட்டி ஒன்று இருந்தது. "அதுல ஒரு மூலையில வெச்சுக்கோ. முதலாளி கேட்டா நான் பாத்துக்கிறேன்," என்றார் மேஸ்திரி. கடுகடுப்பான மனிதர், அந்த ஈரத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் வேலை தொடங்குமுன் பட்டறை முற்றத்தில் மகளுக்கு ஊசி போடுவாள் தாய். ரொட்டியும் பாலும் கொடுப்பாள். வாண்டு பக்கத்துத் தெருப் பள்ளிக்கு ஓடிவிடுவாள்; மதியச் சாப்பாடு அங்கேயே கிடைக்கும். மாலையில் மறுபடி ஊசி. இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த மழைநாள்.

மழை பிடித்தால் மிட்டாய்ப் பட்டறைக்குப் பேய் பிடித்த மாதிரி. காற்றில் ஈரம் ஏறினால், தாள் சுற்றாத மிட்டாய் வியர்த்துவிடும். மேலே நீர் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகிவிடும். ஆகவே மழைநாளில் சன்னல்களை அடைத்துவிடுவார்கள்; மதிய மணி தள்ளிப்போகும்; கொப்பரையிலிருந்து இறங்கியதை முறுக்கி முடிக்கும்வரை எவரும் மேசையைவிட்டு எழக் கூடாது. அடைத்த கூடம், அனல், புளிப்பு வாடை, கூரைமேல் மழையின் கொட்டு. பேசினால் கத்தித்தான் பேச வேண்டும்.

அன்று காலை வழக்கம்போல் ஊசி போட்டாயிற்று. வாண்டு பாதி ரொட்டி தின்றாள். "வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா, போதும்," என்று மீதியை நீட்டினாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பள்ளிக்குப் போனவள் நனைந்துகொண்டே திரும்பி வந்தாள்.

"கூரை ஒழுகுதாம்மா. இன்னிக்கு லீவு விட்டுட்டாங்க."

"நல்ல பள்ளிக்கூடம். போ, அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிற அறையில உக்காந்துக்கோ. கூடத்துக்குள்ள வராதே. எதையும் தொடாதே."

"மூச்சு விடலாமா?"

"வாயைப் பாரு, வாயை!" தாய் சிரித்தபடி தலையைத் துவட்டிவிட்டாள். கை கழுவியிருந்தாள்.

மதியம் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. கதவிடுக்கில் வாண்டு தலையை நீட்டினாள்.

"அம்மா, பசிக்குது."

"இந்தக் கொப்பரை முடியட்டும் கண்ணு. இதோ வந்துட்டேன்."

சோற்றுப் பாத்திரங்கள் வாசலருகே அலமாரியில் இருந்தன. அலமாரி பூட்டியிருந்தது. பாத்திரத்தில் ஒளித்து மிட்டாயைக் கடத்துவார்கள் என்ற ஐயத்தால், இடைவேளை மணிக்கு முன் அதைத் திறப்பதில்லை. சாவி மேஸ்திரியின் இடுப்பில்.

"அண்ணே," என்று தாய் கத்தினாள். "புள்ளைக்கு ரெண்டு வாய் ஊட்டிட்டு ஓடி வந்துடறேன்."

"மழையைப் போய் நிக்கச் சொல்லிட்டு வா, அலமாரியைத் தொறக்கிறேன். இங்க பாரு, மிட்டாய்க்கு வேர்க்குது! ஒட்டிப் போச்சுன்னா முதலாளி என் தோலை உரிச்சுடுவாரு."

"உரிக்கட்டும் மேஸ்திரி," என்றாள் நெட்டை. "உள்ள மனுசன் இருக்கானான்னு நாங்களும் பாத்துக்கிறோம்."

மேசை முழுதும் சிரித்தது. மேஸ்திரியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கைகள் மட்டும் நிற்கவில்லை. விரி, வை, முறுக்கு. அந்தக் கொப்பரை முடிந்தது. முடிவதற்குள் பாகுக்காரர் அடுத்ததை மேசையில் ஊற்றிவிட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். பதம் வந்த பாகு யாருக்காகவும் காத்திருக்காது. மகள் பசித்திருக்கிறாள் என்பதும் அடுப்பின் இரைச்சலில் அவர் காதுக்கு எட்டவில்லை.

பெட்டி அறையில் ஏதோ சரிந்து விழும் ஓசை கேட்டது. மேசையில் இளையவள், அண்மையில் மணமாகி வந்ததால் புதுப்பெண் என்று பெயர் பெற்றவள், எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உன் பொண்ணு பெட்டியெல்லாம் தள்ளிவிடறா."

"ஏய் வாண்டு! முதுகு பழுத்துடும், பாத்துக்கோ!"

வாண்டு வாசலில் வந்து நின்றாள். கண் எங்கோ இருந்தது. "கொப்பரைக்கு றெக்கை மொளைச்சிடுச்சு… நான் ஏற மாட்டேன்… போடி…" என்றாள்.

"யாரைடி போடிங்கிறே? தண்ணி போட்டவன் மாதிரி பேசுறாளே!" என்று நெட்டை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையின் முகம் வெளுத்து, நெற்றியிலிருந்து வியர்வை தாரையாக வடிந்துகொண்டிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. நடுங்கும் கை ஒரு மூடிய முட்டியாக இருந்தது.

தாய் முறுக்கிய மிட்டாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். போகும் வழியில், ஆம், வாளியில் கையை முக்கிக் கழுவிவிட்டுத்தான் மகளைத் தொட்டாள்.

"பசி மயக்கமா இருக்கும்க்கா," என்றாள் புதுப்பெண்.

"கையில என்ன வெச்சிருக்கா, பாரு!" நெட்டை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே சிவப்பு மிட்டாய். தரைத் தூசும் தலைமயிரும் ஒட்டி, பாதி கரைந்தது.

தோழர்களே, மருத்துவம் படிக்காத அந்தச் சின்ன உடம்பு தனக்கு என்ன வேண்டும் என்று தானே தேடிக் கண்டுபிடித்திருந்தது. தரையில் கிடந்ததைப் பொறுக்கி வாயில் வைத்திருந்தது. அதைத்தான் பிடுங்கினார்கள்.

"குடுங்க பெரியம்மா… குடுங்க…" வாண்டு நெட்டையின் கையைப் பிறாண்டினாள். பிறாண்டவும் வலுவில்லை.

"தின்னிருக்காளா? தின்னுட்டாளா?" தாயின் குரல் கிறீச்சிட்டது.

மேஸ்திரி வந்து குனிந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சோதனையைச் செய்தார். "நாக்கை நீட்டச் சொல்லு."

தாய் தாடையைப் பிடித்தாள். நாக்கு வெளியே வந்தது. சிவந்திருந்தது.

வேறென்ன வேண்டும்? ஆண்டுக்கணக்காக அந்தக் கூடத்தில் தீர்ப்பளித்த சாட்சி. நுனியில் பட்ட சாயத்துக்கும் வயிற்றில் இறங்கிய சர்க்கரைக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாத சாட்சி. பசி என்று சொன்ன புதுப்பெண் வாயை மூடிக்கொண்டாள்.

தாய் ஓங்கி ஓர் அறை விட்டாள். "அடிப் பாவி! செத்துப் போகவா பாக்குறே? எத்தனை தடவை சொன்னேன்!"

"அடிக்கிற நேரமா இது? வாயைக் கழுவு! சர்க்கரை ஏறிடுச்சு!" நெட்டை தண்ணீரை மொண்டு வந்தாள். வாய்க்குள் விரல்விட்டுத் துழாவி, பல்லிடுக்கில் இருந்த கடைசித் துணுக்குவரை தோண்டி எடுத்துக் கொப்புளிக்கவைத்தார்கள். அத்தனை சுத்தமாகக் கழுவப்பட்ட வாய் உலகத்தில் இருந்திருக்காது.

"என்ன நிக்கிறே? ஊசியைப் போடு!" என்று மேஸ்திரிதான் கத்தினார். அவரேதான் ஓடினார். மிட்டாய் வியர்ப்பதை மறந்து, மழையையும் முதலாளியையும் மறந்து, வழியில் ஒரு பீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டு, குளிர்பெட்டியிலிருந்து மருந்தைக் கொண்டுவந்து தாயின் கையில் வைத்தார்.

பாகுக்காரர் கையுறையை உதறிவிட்டு ஓடிவந்தார். மகளைத் தூக்க நீண்ட கை நின்றது, மேலெல்லாம் பாகு. அவர் தண்ணீரைத் தேடி ஓடினார்.

"காலையில போட்ட அளவே போடவா?" என்றாள் தாய்.

"தின்னிருக்காளே. ஒரு சொட்டு கூடவே போடு," என்றாள் நெட்டை.

போட்டாள்.

சற்று நேரத்தில் வாண்டு அடங்கினாள். நடுக்கம்கூடக் குறைந்ததுபோல் தெரிந்தது. கண் மூடியது. "பாத்தியா, மருந்து வேலை செய்யுது. தூங்கட்டும், எழுப்பாதே," என்றார்கள். பழைய சாக்கை விரித்துப் படுக்கவைத்தார்கள். பாகுக்காரர் கழுவிய கையால் மகளின் தலையைத் தடவிவிட்டு அடுப்புக்குப் போனார். பெண்கள் மேசைக்குத் திரும்பினார்கள். மிட்டாய் நன்றாகவே வியர்த்திருந்தது. மேஸ்திரி ஒருவரையும் ஏசவில்லை. அப்போதுதான் அலமாரியைத் திறந்தார். "எழுந்ததும் சோத்தைக் குடு," என்று பாத்திரத்தைத் தாயின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவள் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சாக்கின்மேல் அவளுடைய கால்கள் தரையை உதைக்கத் தொடங்கின. பல் கிட்டிப்போயிற்று. வாயோரம் நுரை.

சரக்கு ஏற்றி நின்ற லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் பெட்டி பெட்டியாக மிட்டாய். முன்னால் தாய்மடியில் மகள்.

அவசரப் பிரிவில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். செவிலியர் விரலில் குத்தி இரத்தத்தைக் கருவியில் வைத்தார். கருவியைப் பார்த்த முகம் மாறியது.

"என்னம்மா ஆச்சு? சீக்கிரம் சொல்லுங்க."

"மிட்டாயைத் தின்னுட்டாங்க டாக்டர். நாக்கெல்லாம் சிவந்து போச்சு. உடனே ஊசி போட்டுட்டேன். ஒரு துளிகூட உள்ள எறங்க விடலைங்க. வாயைச் சுத்தமா கழுவிட்டேன்." அந்தக் குரலில் அழுகையோடு சிறிது பெருமையும் இருந்தது. கேட்பவர் பாராட்டுவார் என்று எதிர்பார்த்த பெருமை.

"காலையில போட்ட ஊசி இல்லாம இன்னொண்ணா?"

"ஆமாங்க."

"சாப்பிட்டாளா?"

"காலையில பாதி ரொட்டி."

மருத்துவர் அதற்குமேல் கேட்கவில்லை. நரம்பைத் தேடி ஊசி குத்தி, தெளிந்த திரவத்தை மெல்ல ஏற்றத் தொடங்கினார்.

"அது என்ன மருந்துங்க?" என்றார் பாகுக்காரர்.

"குளுக்கோஸ்."

"குளுக்கோஸா?" அவர் ஓரடி முன்னால் வந்தார். "எங்க பட்டறையில பீப்பாய் பீப்பாயா கிடக்குதே, அதுவா? பாகுல ஊத்துறோமே, அதுவா?"

"சர்க்கரைதாங்க. தள்ளி நில்லுங்க."

தாய் பாய்ந்தாள். "சர்க்கரையா? எம் புள்ளைக்குச் சர்க்கரையா ஏத்துறே? விடு! விடுடி! கொல்லப் பாக்குறியா?" மருத்துவரின் கையை இழுத்தாள். குழாய் ஆடியது. இரண்டு பேர் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார்கள்.

"அம்மா! சர்க்கரை இல்லாமத்தான் உங்க பொண்ணு இப்படிக் கிடக்கிறா! இறங்கிப் போச்சும்மா. ஏறலை. இறங்கிடுச்சு. அந்த மிட்டாயை விட்டிருந்தாலே…"

சொல்லியிருக்க வேண்டாம் என்று அந்த இளம் மருத்துவர் அந்தக் கணமே உணர்ந்திருப்பார். நிறுத்திக்கொண்டார். ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. தாயைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள். இனிப் பிடிக்கத் தேவையில்லை. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அதை உடம்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் பெரிய மருத்துவர் வந்தார். "இதெல்லாம் எல்லாருக்கும் சொல்லித்தான் அனுப்புறோம். இந்த மாதிரி ஆளுங்க காதுல வாங்குறதில்லை," என்றார் சுற்றி நின்ற மாணவர்களிடம்.

பாகுக்காரர் எப்போதும் எதிர்த்துப் பேசாதவர். அன்று பேசினார். "ஐயா, சின்ன வயசுல பாகுப் பதம் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு கொப்பரை தீயலை. ஊசி வேளை சொன்னீங்க, ஒரு வேளை தப்பலை. இனிப்பு காட்டாதேன்னீங்க, பெத்த மகளைக் குளிக்காமத் தொட்டதில்லை. சொன்னதையெல்லாம் செஞ்சவன், இதைச் சொல்லியிருந்தா மட்டும் செஞ்சிருக்க மாட்டேனா?"

பெரிய மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

வாண்டு சாகவில்லை. சாகவில்லை என்பதை நற்செய்தியாகச் சொல்லத்தான் விரும்புகிறேன். நெடுநாள் கழித்துக் கண் விழித்தாள். சர்க்கரை நெடுநேரம் எட்டாமல் கிடந்த மூளையில் ஒரு பகுதி அணைந்துவிட்டது என்றார்கள். சன்னலில் வெளிச்சம் வந்தால் அங்கே திரும்புகிறாள். அம்மா என்று தான் அழைத்தவளின் குரலுக்குத் திரும்புவதில்லை. அந்த வாயாடி வாயிலிருந்து இப்போது ஓசை வருகிறது, சொல் வருவதில்லை. சோற்றைக் குழைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும். ஊசி மட்டும் இன்றும் அதே இரண்டு வேளை.

பட்டறையில் வேலை நடக்கிறது. அலமாரி பூட்டியே இருக்கிறது. மாலையில் நாக்குச் சோதனையும் நடக்கிறது. பாகுக்காரரின் முறை வரும்போது மட்டும் மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போங்க," என்கிறார். நெட்டை பகடி பேசுவதை விட்டுவிட்டாள். ஒருவர்மேலும் வழக்கு இல்லை. குற்றவாளி யார் என்று கேட்டால் அவர்கள் ஒவ்வொருவரும் தம் நெஞ்சையே தொட்டுக் காட்டுவார்கள். தொடவேண்டியவர்கள் எவரும் தொடவில்லை! உணவை வைத்துப் பூட்டிய முதலாளி தொடவில்லை. பாடத்தை மாடியில் வைத்துப் பூட்டிய நிர்வாகம் தொடவில்லை. அந்த மாடிப் பாடம் இன்றும் கீழே இறங்கவில்லை.

தாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. குழந்தைகளுக்கு ஊசி மருந்து வழங்கும் நாளில், மகளை நெட்டையின் பொறுப்பில் விட்டுவிட்டு, மருத்துவமனைச் சன்னல் முன்னால் போய் நிற்கிறாள். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொள்கிறாள்.

"அக்கா, ஒரு நிமிசம். ஊசி போட்டா சோறு தப்பவே கூடாது. புள்ளை நடுங்கினா, வேர்த்தா, உளறினா, உடனே சர்க்கரை குடுங்க. சக்கரைத் தண்ணியோ, மிட்டாயோ, எதுவோ. குடுத்துட்டு அப்புறம் சோறு குடுங்க. மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாதீங்க, ஊசியும் போடாதீங்க. தூக்கிட்டு இங்க ஓடி வாங்க. யாராவது சொன்னாங்களா உங்களுக்கு?"

பெரும்பாலும் இல்லை என்கிறார்கள்.

காவலாளி வருகிறான். "ஏம்மா, டாக்டர் சொல்ல வேண்டியதை நீ எதுக்குச் சொல்லிட்டுத் திரியறே? போ, கூட்டம் போடாதே."

"அவங்க சொன்னா நான் எதுக்குய்யா வரப்போறேன்?"

"மேலிடத்து உத்தரவும்மா. என் பொழப்பைக் கெடுக்காதே."

தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறான். அடுத்த முறை மறுபடி வருகிறாள்.

படித்துவிட்டீர்கள். கண் கலங்கியிருந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணீரால் ஒரு பிள்ளைக்கும் பயனில்லை. உங்கள் தெருவில் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளை எது என்று கேட்டறியுங்கள். அதன் பள்ளிக்குப் போய், அந்த வகுப்பு ஆசிரியரின் மேசையில் சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வையுங்கள். தாய்மார் வேலை செய்யும் இடத்தில் சோற்றைப் பூட்டுகிற அலமாரி இருந்தால், சாவியைக் கேட்டு வாங்குங்கள். பிறகு உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போங்கள். மருந்து வழங்கும் சன்னல் முன்னால் வரிசையாக நில்லுங்கள். மாடியில் சொல்வதைக் கீழேயும் சொல், ஊசி போடச் சொல்கிற வாயால் முழுவதையும் சொல் என்று கேளுங்கள். காவலாளி வருவான், தோளைப் பிடிப்பான். சொல்லும்வரை நகராதீர்கள்.